அறிகுறி இல்லாத பெண்களுக்குச் சிஏ 125 சோதனை தேவையா?

கேள்வி இது: வயது 52. மாதவிடாய் நின்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை, குடும்பத்திலும் யாருக்கும் புற்றுநோய் இல்லை. கூட வேலை செய்யும் தோழிக்குச் சினைப்பைப் புற்றுநோய் மூன்றாம் கட்டத்தில் தெரியவந்ததிலிருந்து மனத்தில் பயம். தனியார் மருந்தகத்தின் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் கூடுதல் கட்டணம் கட்டினால் சினைப்பைப் புற்றைத் தேடும் சிஏ 125 ரத்தப் பரிசோதனையும் பிறப்புறுப்பு வழி ஸ்கேனும் செய்துதருகிறார்கள். சேர்த்துக்கொள்ளலாமா? நல்ல சோதனை என்றால் அரசாங்கம் ஏன் தருவதில்லை, காசு மிச்சம் பிடிக்கவா?

பதில்: சேர்க்க வேண்டாம். காசு வீணாகிறதே என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சோதனையில் ஒரு சந்தேகம் எழுந்தால் அதை உறுதியாகத் தீர்க்கப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. உங்களைப் போல அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாத பெண்களுக்கு, அந்த விலையைக் கொடுத்த பிறகும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடவில்லை என்று மிகப் பெரிய இரண்டு ஆய்வுகள் காட்டிவிட்டன.

காசு மிச்சம் என்ற சந்தேகத்தை முதலில் பார்த்துவிடலாம். சிங்கப்பூர் அரசின் ‘ஸ்க்ரீன் ஃபார் லைஃப்’ பரிசோதனைத் திட்டத்தில் பெண்களுக்கு மூன்று புற்றுநோய்ப் பரிசோதனைகள் உண்டு. மார்பகத்துக்கு 50 வயதிலிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை மேமோகிராம். கருப்பை வாய்க்கு 25 முதல் 29 வயதுவரை மூன்றாண்டுக்கு ஒருமுறை பாப் ஸ்மியர், 30 முதல் 69 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்பிவி கிருமிச் சோதனை. பெருங்குடலுக்கு 50 வயதிலிருந்து ஆண்டுதோறும் வீட்டிலேயே எடுக்கும் மலப் பரிசோதனை. மேமோகிராமைவிட, ஒரு சிறு குப்பி ரத்தம் மட்டும் எடுக்கும் சிஏ 125 மலிவு. செலவுதான் கணக்கென்றால் அதைத்தான் முதலில் சேர்த்திருப்பார்கள். சிங்கப்பூர் மட்டும் விட்டுவைத்திருப்பதும் அல்ல. காசு கொடுத்தால் எந்தச் சோதனையும் கிடைக்கிற அமெரிக்காவிலேயே, தடுப்புச் சேவைகளுக்கான பணிக்குழு 2018-இல் இதற்கு ‘டி’ தரம் கொடுத்தது. நன்மையைவிடத் தீங்கு அதிகம், செய்யாதீர்கள் என்று அதற்குப் பொருள்.

இன்னொரு குழப்பம் நம்மவர்களிடம் நிறைய உண்டு: “எனக்குத்தான் பாப் ஸ்மியர் நார்மல் என்று வந்துவிட்டதே.” அது கருப்பை வாயை மட்டும் பார்க்கும் சோதனை. எச்பிவியும் அப்படியே. சினைப்பையில் என்ன நடக்கிறது என்று அவை சொல்லாது.

இப்போது முக்கியமான விஷயம். மேமோகிராமில் ஒரு நிழல் தெரிந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, இன்னோர் ஊசியால் கொஞ்சம் திசுவை எடுத்துப் பார்க்கிறார்கள். அன்றே வீடு திரும்பலாம். ஒன்றுமில்லை என்று வந்தால் ஒரு வாரக் கவலையும் ஒரு சிறு தழும்பும்தான் மிச்சம். சினைப்பைக்கு அப்படிச் செய்ய முடியாது. அது இடுப்புக்குழிக்குள் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய கட்டியை ஊசியால் குத்தினால், உள்ளே உண்மையிலேயே புற்று இருக்கும் பட்சத்தில் அதன் செல்கள் வயிற்றறைக்குள் சிந்தக்கூடும். அறுவையின்போது கட்டி உடைந்தாலே, சினைப்பைக்குள் அடங்கியிருந்த ‘1ஏ’ கட்டம், செல்கள் சிந்தியிருக்கக்கூடிய ‘1சி’ ஆகிவிடுகிறது. ஆகவே இன்னும் பரவாததாகத் தெரியும் கட்டியைச் சினைப்பையோடு முழுசாக எடுத்து, நோய்க்கூறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித்தான் அது என்னவென்று தெரிந்துகொள்கிறார்கள். மயக்க மருந்து, சிறு துளைவழி அறுவையான லேப்ராஸ்கோபி, சில சமயம் வயிற்றைத் திறப்பது, இதெல்லாம் ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலைப் பெறுவதற்காகவும் நடக்கும்.

அந்த ‘ஒன்றுமில்லை’ எத்தனை பேருக்கு வரும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது ஆய்வின் எண் அல்ல, அளவு புரிவதற்காக வைத்துக்கொள்ளும் ஓர் உதாரணம். மாதவிடாய் நின்ற 2,500 பெண்களில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கும் என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மதிப்பீடு. அப்படியென்றால் 10,000 பேரில் நான்கு பேர். நோய் உள்ளவரில் 80 விழுக்காட்டைப் பிடித்து, நோயில்லாதவரில் 98 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடும் ஒரு சோதனை கையில் இருக்கிறது என்று கொள்வோம். கேட்க அருமையான சோதனை. நால்வரில் மூவரைப் பிடிக்கும். மீதி 9,996 பேரில் 2 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 200 பேருக்கு, தவறாக மணியடிக்கும். கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசும் 203 பேரில் மூவருக்குத்தான் நோய். சோதனை மோசமானதால் வந்த விளைவல்ல இது. நோய் அவ்வளவு அரிது. மார்பகப் புற்று சிங்கப்பூர்ப் பெண்களிடையே முதலிடத்தில் இருப்பதால் அங்கே இதே கணக்கு வேறு மாதிரி வருகிறது.

சிஏ 125 அந்தக் கற்பனைச் சோதனை அளவுக்குக்கூட நல்லதில்லை. அது ஒரு புரதம். சினைப்பைப் புற்று அதைச் சுரக்கும் என்பது உண்மை, ஆனால் அதுமட்டும் சுரப்பதில்லை. வயிற்றறை, நுரையீரல், இதயம் ஆகியவற்றைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை எங்கே உறுத்தப்பட்டாலும் ரத்தத்தில் இது ஏறும். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), அடினோமயோசிஸ் (அதே திசு கருப்பைத் தசைக்குள் வளர்வது), ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக்கட்டி), இடுப்புக்குழித் தொற்று, கர்ப்பத்தின் முதல் மாதங்கள், ஏன், மாதவிடாய் நாள்களிலேயே கூடும். ஈரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல் ஆகியவற்றிலும் கூடும். வயிற்றுக் காசநோயில் நூற்றுக்கணக்கில் ஏறும், முற்றிய புற்றுநோய் என்றே தோன்றும் அளவுக்கு. காசநோய் அதிகமுள்ள இந்தியாவுக்கு அடிக்கடிப் போய்வரும் நம் குடும்பங்களில் இதை மருத்துவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. வழக்கமான எல்லை மில்லிலிட்டருக்கு 35 அலகு. முதல் கட்டச் சினைப்பைப் புற்றில் சுமார் பாதிப் பேருக்கு அளவு அதைத் தாண்டுவதே இல்லை. கிழக்காசியப் பெண்களிடம் மேற்கத்தியரைவிட அதிகமாகக் காணப்படும் ‘கிளியர் செல்’ வகையிலும், சளி போன்ற மியூசினைச் சுரக்கும் வகையிலும் சிஏ 125 பெரிதாக ஏறாமலே இருக்கலாம். ஆகவே அறிக்கையில் ‘18, நார்மல்’ என்று வந்தால் கிடைக்கும் நிம்மதிக்கும் பெரிய மதிப்பில்லை. அந்த நிம்மதியால், பிறகு வரும் வயிற்று உப்புசத்தை ஆறு மாதம் அலட்சியப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தவறான மணியைவிட இந்தத் தவறான நிம்மதிதான் அதிகக் கவலை.

சரி, ஆய்வுகளுக்கு வருவோம். அமெரிக்காவில் பிஎல்சிஓ என்ற ஆய்வில் 55 முதல் 74 வயது வரையுள்ள 78,216 பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு ஆறாண்டு சிஏ 125, அதில் நான்காண்டு ஸ்கேனும் சேர்த்து, ஆண்டுதோறும். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. 2011-இல் முடிவு வெளிவந்தது. சோதனை செய்த பிரிவில் சினைப்பைப் புற்றால் இறந்தவர் 118 பேர், செய்யாத பிரிவில் 100 பேர். வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான். ஆனால் குறையவில்லை என்பது தெளிவு. 3,285 பேருக்குத் தவறான சந்தேகம் வந்தது. அவர்களில் 1,080 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அந்த 1,080 பேரில் 163 பேருக்குக் கடுமையான சிக்கல் ஏதாவது ஒன்றாவது ஏற்பட்டது. இவர்கள் யாருக்கும் புற்றுநோய் இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

“35 என்று ஒரே கோடு போட்டது தப்பு, ஒவ்வொரு பெண்ணின் அளவும் காலப்போக்கில் எப்படி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்” என்ற நியாயமான மறுப்பு எழுந்தது. பிரிட்டனின் யூகேசிடாக்ஸ் ஆய்வு அதைத்தான் செய்தது. 50 முதல் 74 வயதுவரை, மாதவிடாய் நின்ற 2,02,638 பெண்கள். 2001 முதல் 2005 வரை சேர்த்து மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆண்டுதோறும் சிஏ 125 எடுத்து, முந்தைய அளவுகளோடு சேர்த்து அபாயத்தைக் கணக்கிடும் ‘ரோகா’ முறை. அபாயம் குறைவென்றால் அடுத்த ஆண்டு வரலாம், நடுத்தரமென்றால் மூன்று மாதத்தில் மறுபடி ரத்தம், கூடுதலென்றால் ஸ்கேன். இரண்டாம் பிரிவுக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் மட்டும். மூன்றாம் பிரிவுக்கு எதுவுமில்லை. சராசரியாக 16 ஆண்டுக்கும் மேல் தொடர்ந்து பார்த்து, 2021-இல் இறுதி முடிவை வெளியிட்டார்கள்.

ரோகா பிரிவில் முதல் கட்டத்தில் பிடிபட்டவர்கள் 47 விழுக்காடு அதிகம். நான்காம் கட்டத்தில் பிடிபட்டவர்கள் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவு. ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது என்ற நோக்கம் ஓரளவு நிறைவேறிவிட்டது. சினைப்பைப் புற்றால் இறந்தவர்கள்? மூன்று பிரிவிலும் 0.6 விழுக்காடு. ரத்தம் எடுத்தவர், ஸ்கேன் செய்தவர், எதுவும் செய்யாதவர், எல்லோருக்கும் ஒரே எண். ஸ்கேன் மட்டும் செய்த பிரிவில் 10,000 ஸ்கேனுக்கு 50 பேர் புற்று இல்லாமலே அறுவைக்குப் போனார்கள். ரோகா பிரிவில் 10,000 பரிசோதனைக்கு 14 பேர். நீங்கள் கேட்ட திட்டத்தில் ரோகா இல்லை. ஒருமுறை எடுக்கும் எண்ணும் ஒரு ஸ்கேனும்தான். அதாவது தோற்றுப்போன முறைகளில் மட்டமானது. ரோகாவைக் காசுக்கு விற்கத் தொடங்கியபோதும், இப்படிப்பட்ட சோதனைகளை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 செப்டம்பரில் எச்சரித்தது.

முன்னதாகப் பிடித்தும் ஏன் உயிர் மிஞ்சவில்லை? இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், சில மருத்துவர்கள் உட்பட. “முதல் கட்டத்தில் 90 விழுக்காட்டினர் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள், மூன்றாம் நான்காம் கட்டத்தில் மூன்றில் ஒருவர்தான். ஆகவே எல்லோரையும் முதல் கட்டத்தில் பிடித்தால் எல்லோரும் பிழைப்பார்கள்” என்ற வாதத்தில் ஓட்டை இருக்கிறது. சினைப்பைப் புற்று ஒரே நோயல்ல. முதல் கட்டத்தில் இயல்பாகவே பிடிபடுகிறவற்றில் பல, மெதுவாக வளர்ந்து ஓரிடத்திலேயே இருக்கும் வகைகள். கட்டி பெரிதாகி வயிறு முட்டும், வலிக்கும், யாராவது பார்த்துவிடுவார்கள். அதிகம் பேரைக் கொல்லும் ‘உயர்தர சீரஸ்’ (ஹை கிரேட், அதாவது தீவிரம் கூடிய) வகை வேறு ஜாதி. அதில் பெரும்பகுதி சினைப்பையிலேயே தொடங்குவதில்லை; சினைக்குழாயின் விரல் போன்ற நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு புண்ணாகத் தொடங்குகிறது. அந்த நிலையில் பல ஆண்டு கிடக்கலாம். அப்போது சிஏ 125 ஏறாது, ஸ்கேனில் தெரியாது. செல்கள் உதிர்ந்து சினைப்பைக்கும் வயிற்றறைக்கும் போன பிறகு வேகம் பிடிக்கிறது. சோதனைக்குத் தெரியும் நேரத்தில், கட்டி சின்னதாக இருந்தாலும் பரவல் நடந்து முடிந்திருக்கக்கூடும்.

காலக்கணக்கில் ஒரு மாயையும் உண்டு. ஒருவருடைய நோயின் போக்கில் முடிவு 2030 என்று இருக்கட்டும். அறிகுறி வந்து 2027-இல் கண்டுபிடித்தால் ‘மூன்றாண்டு உயிரோடிருந்தார்’ என்போம். சோதனையால் 2025-இலேயே கண்டுபிடித்தால் ‘ஐந்தாண்டு பிழைத்தார்’ என்று புள்ளிவிவரம் சொல்லும். முடிவு தள்ளிப்போகவில்லை, நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த காலம்தான் இரண்டாண்டு நீண்டது. ஆகவேதான் ஐந்தாண்டு விகிதத்தையோ எந்தக் கட்டத்தில் பிடிபட்டது என்பதையோ மட்டும் காட்டி விற்கிற எந்தப் பரிசோதனையையும், ஒரு துளி ரத்தத்தில் 50 வகைப் புற்றைப் பார்க்கலாம் என்று இப்போது வரும் மரபணுத் துணுக்குச் சோதனைகள் உட்பட, இறப்பு குறைந்ததா என்ற ஒரே கேள்வியால் அளக்க வேண்டும். அவற்றில் பிரபலமான ஒன்று 2021-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் கட்டப் புற்றுகளை, எல்லா வகையும் சேர்த்து, 17 விழுக்காடு அளவில்தான் பிடித்தது.

ஏற்கெனவே எடுத்தாயிற்று, 35-ஐத் தாண்டிவிட்டது என்றால்? ஊருக்குப் போகும்போது சென்னையிலோ திருச்சியிலோ மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துவிட்டு, ஜொகூர் பாருவில் சலுகை விலையில் பார்த்துவிட்டு, கையில் ஒரு சிவப்பு எண்ணோடு வருகிறவர்கள் பலர். அவசரப்பட வேண்டாம், அதே சமயம் கிழித்துப் போடவும் வேண்டாம். மாதவிடாய் இருப்பவர் என்றால் ரத்தம் எடுத்த நாள் சுழற்சியில் எந்த நாள் என்று பாருங்கள். எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு, ஈரல், இதய நோய், அண்மையில் வயிற்று அறுவை, தொடர் இருமல், எடை குறைவு ஆகியவை உண்டா என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பலதுறை மருந்தகத்திலோ ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசுத் திட்டத்தில் நீங்கள் பதிந்துள்ள குடும்ப மருத்துவரிடமோ அறிக்கையைக் காட்டுங்கள். மறுபடி எடுப்பதென்றால் சில வாரம் விட்டு, மாதவிடாய் நாள்களைத் தவிர்த்து, ஒரே ஆய்வுக்கூடத்தில் எடுங்கள். வெவ்வேறு கூடங்களின் கருவிகள் வெவ்வேறு எண் தரும். சென்னையின் 38-ஐயும் சிங்கப்பூரின் 44-ஐயும் ஒப்பிட்டு ‘ஏறுகிறது’ என்று முடிவு கட்டக்கூடாது. 40, 39, 41 என்று நிற்பதும், 40, 75, 150 என்று ஓடுவதும் ஒன்றல்ல. மாதவிடாய் நின்றவருக்கு 35-ஐத் தாண்டினால் ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் விடுவதும் சரியல்ல.

ஸ்கேனைப் பற்றி ஒரு நடைமுறை விவரம்: பிறப்புறுப்பு வழி ஸ்கேனுக்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும், வயிற்றின் மேல் வைத்து எடுப்பதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். எது என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உடலுறவு கொள்ளாதவர்கள் வயிற்றின் மேல் எடுக்கும்படி கேட்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

இரண்டும் வந்த பிறகு, தனி எண்ணைப் பார்க்காமல் சேர்த்துப் பார்க்கும் கணக்கு ஒன்று மகளிர் மருத்துவர்களிடம் உண்டு, ஆர்எம்ஐ என்பார்கள். ஸ்கேன் புள்ளி, மாதவிடாய் நிலைப் புள்ளி, சிஏ 125 மூன்றையும் பெருக்க வேண்டும். ஸ்கேனில் ஐந்து அடையாளங்கள் தேடுவார்கள்: பல அறைகள் உள்ள கட்டி, உள்ளே திடமான பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறிடத்தில் பரவல். ஒன்றுமில்லையென்றால் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ எத்தனை இருந்தாலும் 3. மாதவிடாய் நிற்காதவருக்கு 1, நின்றவருக்கு 3. பிரிட்டனில் 250-ஐத் தொட்டால் புற்றுநோய் மகளிர் நிபுணரிடம் அனுப்பச் சொல்கிறார்கள், சில இடங்களில் 200. இப்போது 58 வயதுக்காரர், சிஏ 125 வெறும் 60, ஆனால் கட்டியில் பல அறைகளும் திடப்பகுதியும் தெரிகின்றன: 3 × 3 × 60 = 540. உடனே போக வேண்டும். இன்னொருவர் 41 வயது, மாதவிடாய் வருகிறது, இரண்டு பக்கமும் எண்டோமெட்ரியோசிஸ் ரத்தக்கட்டி, சிஏ 125 முன்னவரைப் போல இரு மடங்கு, 120: 1 × 1 × 120 = 120. எண்ணைப் பார்த்துப் பயந்திருந்தால் யார் அதிகம் பயந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்று வந்தாலே எடுத்துவிட வேண்டியதில்லை. மாதவிடாய் நின்ற பிறகும் சாதாரண நீர்க்கட்டி நிறையப் பேருக்கு உண்டு. ஒரு பக்கம் மட்டும், ஒரே அறை, சுவர் மெல்லிசு, உள்ளே வெறும் நீர், 5 சென்டிமீட்டருக்குக் கீழ், சிஏ 125-உம் சரி என்றால், நான்கு முதல் ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன், ஓராண்டில் மாற்றமில்லையென்றால் விட்டுவிடலாம் என்பது பிரிட்டிஷ் மகப்பேறு, மகளிர் மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டல். மாதவிடாய் நிற்காதவருக்கு 5 சென்டிமீட்டர் வரையிலான சாதாரண நீர்க்கட்டிக்குத் தொடர் ஸ்கேனே வேண்டாம். அறுவைதான் என்று முடிவானால் கேட்க வேண்டியவை சில: செய்யப்போகிறவர் புற்றுநோய் மகளிர் நிபுணரா, கட்டியை உடையாமல் பைக்குள் போட்டு எடுப்பார்களா, ஒரு சினைப்பையா இரண்டுமா. இந்தக் கடைசிக் கேள்வியை விடாதீர்கள். மாதவிடாய் நிற்பதற்கு முன் இரண்டையும் எடுத்தால் மறுநாளே மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும். எலும்பும் இதயமும் அதன் விலையைக் கொடுக்கும்.

சோதனை வேண்டாம் என்றால் கையைக் கட்டிக்கொண்டிருப்பதா என்று கேட்கலாம். இல்லை. சிஏ 125 அறிகுறி இருப்பவருக்கு நல்ல சோதனைதான். நோய் இருக்கும் வாய்ப்பு கூடும்போது அதே எண்ணுக்கு எடை கூடிவிடுகிறது. கவனிக்க வேண்டியவை நான்கு: வயிறு உப்பிப் பருத்திருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி, அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர் வருவது. இவை எல்லோருக்கும் எப்போதாவது வருவதுதான். புதிதாக வந்ததா, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருக்கிறதா என்பதே வேறுபாடு. காலையில் தட்டையாகி மாலையில் உப்புவது பெரும்பாலும் வாயு. நாள் முழுக்கக் குறையாமல் நிற்பதும், பாவாடை நாடா வாரத்துக்கு வாரம் இறுகுவதும் வேறு. 50 தாண்டிய பிறகு முதன்முறையாக ‘கேஸ்ட்ரிக்’ என்றோ குடல் எரிச்சல் நோய் என்றோ மருந்து கொடுத்தால், “சினைப்பையையும் பார்த்துவிடலாமா டாக்டர்?” என்று கேளுங்கள். குடல் எரிச்சல் நோய் அந்த வயதில் புதிதாகத் தொடங்குவது அரிது. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதே வாரம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; அது பெரும்பாலும் கருப்பையைப் பற்றிய கேள்வி. அறிகுறியைக் கவனித்தால் எல்லாமே முதல் கட்டத்தில் பிடிபடும் என்று நான் சொல்லவில்லை, அப்படி ஆவதில்லை. ஆறு மாத அலைச்சல் ஆறு வாரமாகக் குறையும். அறுவையில் முழுசாக எடுக்கக்கூடிய அளவில் நோய் இருப்பதற்கு வாய்ப்பு கூடும். அதுவே பெரிய விஷயம்.

தடுப்பு என்று உண்மையில் பலனுள்ளதும் சினைக்குழாயைப் பற்றித்தான். வேறு காரணத்துக்காகக் கருப்பையை எடுக்கப்போகிறவர், அல்லது கருத்தடை அறுவை செய்துகொள்ளப்போகிறவர், குழந்தைப்பேறு முடிந்திருந்தால், “குழாய்கள் இரண்டையும் சேர்த்தே எடுத்துவிட முடியுமா, சினைப்பையை விட்டுவிட்டு?” என்று கேட்கலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 முதல் இதைப் பரவலாகச் செய்கிறார்கள். இதற்காகவே தனி அறுவை வேண்டாம், ஏற்கெனவே மேசையில் இருக்கும்போது மட்டும். கருத்தடை மாத்திரையும் ஐந்தாண்டுக்குச் சுமார் 20 விழுக்காடு வீதம் அபாயத்தைக் குறைக்கிறது. ஆனால் 52 வயதில் அதற்காகத் தொடங்குகிற மாத்திரை அல்ல அது.

இத்தனையும் அபாயம் சாதாரணமாக உள்ளவர்களுக்கு. மார்பக, சினைப்பைப் புற்றின் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணுக்களில், பிஆர்சிஏ1 மாற்றம் இருந்தால் 80 வயதுக்குள் சினைப்பைப் புற்று வரும் வாய்ப்பு சுமார் 44 விழுக்காடு, பிஆர்சிஏ2 என்றால் 17. அவர்களுக்கும்கூடச் சோதனை ஒரு மாற்று அல்ல. பிஆர்சிஏ1 உள்ளவர் 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2 உள்ளவர் 40 முதல் 45-க்குள், குழந்தைப்பேறு முடித்துச் சினைப்பையையும் குழாயையும் எடுத்துவிடுவதே பரிந்துரை. அதைத் தள்ளிப்போடுகிற இடைக்காலத்தில் மட்டும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பதுண்டு. குடும்ப வரலாறு கேட்கும்போது அப்பா வழியை விட்டுவிடாதீர்கள். அத்தையின் மார்பகப் புற்றும் அப்பாயியின் ‘வயிற்றுக் கட்டி’யும் அம்மா வழி அளவுக்கே கணக்கில் வரும், ஏனெனில் அப்பா இந்த மாற்றத்தை நோயில்லாமலே கடத்திவிடக்கூடும். 50-க்கு முன் மார்பகப் புற்று, இரு மார்பிலும் புற்று, ஆணுக்கு மார்பகப் புற்று, குடும்பத்தின் ஒரே பக்கத்தில் பலருக்குப் பெருங்குடல் அல்லது கருப்பைப் புற்று, இவற்றில் எது இருந்தாலும் சொல்லுங்கள்.

இதனால்தான் உங்கள் தோழிக்கு வந்த செய்தியால் உங்களைவிட அவருடைய அக்கா தங்கைகளுக்கும் மகள்களுக்கும் பயன் அதிகம். உயர்தரச் சினைப்பைப் புற்று வந்த ஒவ்வொருவருக்கும் மரபணுச் சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. அவர்களில் ஏழில் ஒருவர் அளவுக்குப் பிஆர்சிஏ மாற்றம் இருக்கிறது. இருந்தால் அவருக்கான மருந்துத் தேர்வும் மாறும். வரிசை முக்கியம்: நோய் வந்தவர் முதலில் செய்ய வேண்டும். அவரிடம் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால், உறவினர் அந்த ஒரே மாற்றத்தை மட்டும் பார்த்தால் போதும். இல்லை என்றால் உண்மையாகவே இல்லை. நோயில்லாத தங்கை முதலில் போய்ச் சோதித்து ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று வந்தால் அதற்கு எந்த உறுதியும் கிடையாது. தேசியப் புற்றுநோய் நிலையத்திலும் பெரிய பொது மருத்துவமனைகளிலும் மரபணு ஆலோசனைப் பிரிவுகள் உண்டு. சலுகைக் கட்டணத்துக்குப் பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. காப்புறுதி பற்றிப் பயந்து பலர் ஒதுங்குகிறார்கள். மரபணுச் சோதனை முடிவைக் காப்புறுதி நிறுவனங்கள் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு சிங்கப்பூரில் 2021 அக்டோபர் 27 முதல் நடப்பில் இருக்கிறது. பெரிய தொகைக் காப்புறுதிக்குச் சில விதிவிலக்குகள் உண்டு என்பதால், புதிதாகப் பெரிய திட்டம் எடுக்கும் எண்ணமிருந்தால் ஆலோசகரிடம் அதை ரத்தம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடச் சொல்லுங்கள்.